மெயின்ஃபிரேமுக்கு வேண்டாம் சொன்ன மாமா

பிள்ளைகளே, திருவனந்தபுரத்தில் யார் வீட்டுக்காவது போய், தேநீர் வேண்டுமா என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள். தரவே மாட்டார்கள். களக்காட்டிலிருந்து வந்த புதிதில் இது எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு லதா சேச்சி, “சாய எடுக்கட்டே?” என்று கேட்டார். “வேண்டாம்க்கா” என்றேன். “ஆயிக்கோட்டே”, அப்படியே ஆகட்டும் என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அடுக்களையிலிருந்து ஏலக்காய் வாசனை வருகிறது. நானும் அடுத்த தடவை கேட்பார், அடுத்த தடவை கேட்பார் என்று காத்திருந்து, வெறும் வாயோடு வீடு திரும்பினேன். நம் ஊரில் முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்குச் சொல்வது. அது எல்லாருக்கும் தெரியும். நாம் எத்தனை தடவை மறுத்தாலும் கடைசியில் டம்ளரைக் கையில் திணித்துவிடுவார்கள். இங்கே உள்ளவர்கள் சொன்ன சொல்லை நம்புகிறார்கள். அது ஒரு குற்றமா, சொல்லுங்கள்.

இப்படி நம்புகிற இன்னொரு ஆளை அண்மையில் சந்தித்தோம். அது ஒரு கணினி. என் மகள் இசக்கி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். மெயின்ஃபிரேமில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, ஓட வைத்துக் காட்ட வேண்டும் என்பது அவளுடைய செய்முறைத் தேர்வு. திங்கட்கிழமை காட்டாவிட்டால் அந்தப் பாடத்தை அடுத்த வருஷம் மறுபடி எழுத வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். சாலைக் கடைத்தெருவில் கீலும் தாழ்ப்பாளும் விற்கிறேன். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். மெயின்ஃபிரேம் என்றால் வங்கிகளில் இருக்கும் பீரோ அளவுக் கணினி. அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் எமுலேட்டர் என்று ஒரு மென்பொருளை மடிக்கணினியில் போடுகிறார்கள். அது மெயின்ஃபிரேம் மாதிரியே நடிக்கும். லினக்ஸும் ஏதோ பெரிய வங்கிக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்யும். வலியசாலையில் எங்கள் வாடகை வீடும் அப்படித்தான். உள்ளே சொதியும் நெல்லைப் பேச்சும். கதவைத் திறந்தால்தான் கேரளம் என்று தெரியும். ஆனால் நடிக்கிற மெயின்ஃபிரேம் ரொம்ப மெதுவானது. ஏற்றி முடிக்க ஒரு பகல் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இசக்கி வேலையைத் தொடங்கினாள். அன்றைக்கென்று ஸ்ரீவராகத்தில் ஒரு வளைகாப்பு. களக்காட்டிலிருந்து வந்திருந்த என் மச்சான் சுடலையையும் கூப்பிட்டோம். “நான் எதுக்கு, நீங்க போயிட்டு வாங்க” என்றார். அவசரத்தில் இரண்டாவது தடவை கூப்பிட மறந்துவிட்டோம்.

“அப்போ இதப் பாத்துக்கிடுங்க மாமா. நடுவுல ஏதாவது கேக்கும், பதில் சொன்னாப் போதும்” என்றாள் இசக்கி.

சாயங்காலம் திரும்பினோம். சுடலை மடிக்கணினி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். திரை காலையில் இருந்தபடியே இருந்தது.

“மாமா, இது ஒண்ணும் கேக்கலையா?”

“கேட்டுதே. டிஸ்க்ல எழுதட்டுமான்னு கேட்டுது. நோ போட்டேன்.”

“ஏன் மாமா?”

“கேட்ட ஒடனே சரின்னுட்டா நம்மள என்ன நெனைக்கும்? மறுபடி கேக்கும்லான்னு இருந்தேன். அதுவும் கம்முனு இருக்கு, நானும் கம்முனு இருக்கேன்.”

“மிஷின் மாமா அது. நீங்க சொன்னத நம்பிட்டு.”

“ஒங்க ஊரு மிஷின்லா. வளைகாப்புக்கே ஒரு தடவைக்கு மேல கூப்பிட ஆளில்ல.”

இசக்கிக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ‘யெஸ்’ போட்டாள்.

திங்கள் விடிந்தும் கொஞ்சம் பாக்கி இருந்தது. மூடினால் மடிக்கணினி தூங்கிவிடும். அதனால் சுடலை அதைத் திறந்தபடியே இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டார், சீர்த்தட்டு எடுக்கிறவர் மாதிரி. “மெல்லப் போகச் சொல்லுங்க அத்தான், உள்ள வங்கி இருக்கு” என்று ஆட்டோ முழுக்க என்னை அதட்டினார். பாலிடெக்னிக் வாசலில் காவலாளி, “இது எந்தா?” என்று மறித்தார். “மெயின்ஃபிரேம்” என்றார் சுடலை. அந்த முகத்தைப் பார்த்து அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

வகுப்பறைக்குள் போகும்போது ஏற்றும் வேலை முடிந்திருந்தது. இனி லினக்ஸ் எழுந்து ஓடியாக வேண்டும். சன்னலுக்கு வெளியே நாங்கள் இரண்டு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன, நின்றன, மறுபடி ஊர்ந்தன. பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. கடைசியில் பெயர் கேட்கும் வரி வந்தது. அதற்குமேல் இசக்கி ஒரு நொடிகூடக் காக்க வைக்கவில்லை; பெயரை அடித்து உள்ளே போனாள். ஆசிரியை தலையசைத்தார். வெளியே வந்தவர் எங்களைப் பார்த்து, “சாய...” என்று தொடங்கினார். “வேணும்” என்றார் சுடலை.

இந்த ஓணத்துக்குக் களக்காடு போனோம். சுடலை வீட்டில் காலெடுத்து வைத்ததும் அவர் மனைவி, “காப்பி போடட்டுமாண்ணே?” என்றாள். “போடும்மா” என்றேன். அவள் திகைத்துவிட்டாள். அடுப்பே பற்றவைக்கவில்லை, வீட்டில் பாலும் இல்லை. அவள் கேட்டது வெறும் முதல் தடவை. சுடலை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பால் வாங்கக் கிளம்பினார். திருவனந்தபுரம் திரும்பினால் என் கதை மாறிவிடுகிறது. லதா சேச்சி கேட்டதும் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் வாய் முந்திக்கொண்டு ‘வேண்டாம்’ என்கிறது.

போகும்போதும் வரும்போதும் களியக்காவிளையில் பஸ் நிற்கும். அந்த எல்லைத் தேநீர்க் கடைக்காரர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. முன்னால் வந்து நின்றால் கிளாஸை நீட்டிவிடுகிறார். அங்கேதான் நான் வயிறாரக் குடிக்கிறேன்.