வீட்டுக்குள் செருப்பு

மன்னார்குடியில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் பிரிண்டரையும் வாங்கி, மனு அடித்துக் கொடுக்கும் தொழிலை வீட்டிலேயே தொடங்கியிருந்தேன். குடிசைக்கென்று அரசாங்கம் கொடுத்த ஒற்றை விளக்கு இணைப்புதான் எங்களுக்கு. அதிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்த புண்ணியவான், பிளக் பாயிண்டின் மூன்றாவது ஓட்டையில் எர்த் ஒயரை மாட்டவில்லை. "அது சும்மா அழகுக்குங்க" என்றார். அந்த அழகு எனக்கு முழங்கை வரை தெரிந்தது. வாய்க்காலை ஒட்டிய வீடு, சிமெண்டுத் தரையில் எப்போதும் ஈரம். வெறுங்காலோடு உட்கார்ந்து சிபியூவைத் தொட்டால் கரண்ட் சுரீரென்று ஏறும். அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அதைத் தூக்கி வாய்க்காலில் போட்டுவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி, வருஷத்துக்கு ஒரு தடவை நில மனு வாங்கும் நாள். எங்கள் தெருவே பண்ணையார் மனையில் குடியிருந்தது, யாருக்கும் பட்டா கிடையாது. பண்ணை வாரிசுகள் மனையை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரு முழுவதற்கும் அன்றைக்கே மனு அடித்தாக வேண்டும். விட்டால் அடுத்த வருஷம்தான், அதற்குள் வீடு இருக்குமோ இருக்காதோ.

செவ்வாய்க்கிழமை என்று காலையில் விளக்கேற்றிய அம்மா, சோறு போடும் பொருளாயிற்றே என்று சிபியூவுக்கும் குங்குமம் வைக்கப் போனாள். ஈரக் கை. அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாள்.

"எத்தனை நாளாடி இப்படி?"

"வாங்குனதுலேருந்தும்மா."

விருட்டென்று எழுந்து வெளியே போனாள். தொழிலுக்கு இன்றோடு முழுக்கு என்று நினைத்தேன். திரும்பி வந்தவள் புது ரப்பர் செருப்பு ஒரு ஜோடியை என் காலடியில் போட்டாள்.

எங்கள் வீட்டில் செருப்பு வாசற்படி தாண்டியதில்லை. அம்மாவுக்கு அது சாமி குத்தம். பண்ணையார் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து பழகியவள் வேறு.

"போட்டுக்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவளைப் போல ஒரு மனுஷியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுரீர் நின்றது, விறுவிறுவென்று அடிக்க ஆரம்பித்தேன். அம்மா பிரிண்டர் பக்கத்தில் நின்று தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். பாதி மனு முடிந்த பிறகுதான் கவனித்தேன். பிரிண்டரின் இரும்புப் பட்டையில் கை படும்போதெல்லாம் அவள் தோள் வெட்டி இழுத்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றாள்.

"விடும்மா, நான் எடுக்குறேன்."

"நீ எந்திரிச்சா நேரமாவும். நீ அடி."

கடைசித் தாள் வரைக்கும் அவளேதான் எடுத்தாள். பட்டா வந்த அன்று தெருவில் எல்லோரும் எனக்கு மாலை போட்டார்கள். அதைக் கழற்றி அம்மா கழுத்தில் போட்டேன்.