பெடலை மிதித்துப் பார்த்தவர்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நான் தென்காசியில் கார் மெக்கானிக். குற்றாலம் சாலையில் பிரேக் பிடிக்காமல் புளியமரத்தில் மோதிய கார் ஒன்று என்னிடம் வந்தது. அதன் முதலாளிக்குக் கால் ஒடிந்திருந்தது. டிரைவர் சுடலைமுத்துவுக்கு வேலை போயிருந்தது. அவர் குடித்துவிட்டு ஓட்டியதாக ஊர் பேசியது. என்னிடம் வேலை கேட்டு வந்தவரை நானும் திருப்பி அனுப்பியிருந்தேன்.

பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தேன். உள்ளே ரப்பர் ஊறிப் பருத்து இறுகிக் கிடந்தது. பிரேக் ஆயிலுக்குப் பதில் யாரோ என்ஜின் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். அதில் ரப்பர் ஊறினால் பிரேக் பிடிக்காது. சிலிண்டரைக் கழுவித் தேய்த்து, அலைந்து வாங்கிய புது ரப்பரைப் போட்டு, பட்டறையில் மிச்சமிருந்த பிரேக் ஆயிலை ஊற்றி முடிப்பதற்குள் முதுகு விட்டுப்போனது.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். கட்டிலில் கிடந்தவர் தானே சொன்னார்.

"நாந்தான் ஊத்தினேன். பிரேக் ஆயில் எங்கயும் கிடைக்கல. அவனக் கூப்பிடுங்க."

சுடலைமுத்து வந்தார்.

"மரத்துல மோதுன பொறவு சக்கரத்துல வடிஞ்ச எண்ணெய் வாடையிலயே எனக்குத் தெரிஞ்சுட்டு, மொதலாளி. கால் ஒடிஞ்சு கெடக்குத ஒங்ககிட்ட அத எப்படிச் சொல்ல?"

"நாளைக்கு வேலைக்கு வந்துரு."

"வேண்டாம் மொதலாளி. அசதியா இருக்கு."

வெளியே வந்தவர் காரில் ஏறிப் பெடலை மிதித்துப் பார்த்தார். "நல்லாப் புடிக்குது அண்ணாச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

வேலை கேட்டு வந்த அன்று, என்ன நடந்தது என்று அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இப்போதெல்லாம் யாரைப் பற்றியாவது ஊர் பேச ஆரம்பித்தால், எழுந்து என் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன்.