மேஸ்திரியின் தமிழ்

பேசாத குழந்தையைப் பார்த்தால் பெரியவர்களுக்குப் பொறுக்காது. அது பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, "உன் பேரென்ன?" என்று கேட்டே தீருவார்கள். பதில் வராவிட்டால் ஏதோ தங்களுக்கு அவமானம் நடந்துவிட்டது போல முகம் மாறும். பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். காரணம் ஒரு சின்னப் பெண்.

கம்பெனி போர்டில் கிரெச் என்று போட்டிருக்கும். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள், என் குடும்பமும் அதில் ஒன்று, பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்வோம். காலையில் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் குழந்தையை விட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் எடை போட்டுவிட்டு வந்து கூட்டிப் போவார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிப் போய்விட்டதால், லயத்து வரிசை வீடுகளில் இப்போது பாதியில் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே ஒரே பெயர், 'இந்திக்காரங்க'. அவர்கள் வீட்டுக்குள் பேசுவது இந்தி இல்லை என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் எங்களை 'சிலோன்காரங்க' என்று சொல்லி, எங்கள் பேச்சைப் பேசிக்காட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்கியவர்களே இன்று இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தச் சின்னப் பெண் அப்படி வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை, அப்போது இரண்டு வயது முடிந்திருக்கும். வந்த புதிதில் வாய் ஓயாமல் பேசினாள். காக்காயைக் காட்டி ஏதோ சொல்வாள். கொழுந்து லாரி போனால் கையை நீட்டி ஏதோ கேட்பாள். கஞ்சி சூடாக இருந்தால் எங்களைத் திட்டுவாள், அது திட்டு என்பது மட்டும் புரியும். நாங்கள் சொன்னது எதுவும் அவளுக்குப் புரியவில்லை. கேட்டுக் கேட்டுப் பதில் வராமல், சில வாரங்களில் பேச்சை நிறுத்திவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு அதில் பயம் இல்லை. புதுப் பேச்சுக்கு நடுவில் வந்து விழுந்த குழந்தை முதலில் கேட்கத்தான் கேட்கும். மாதக்கணக்கில்கூடக் கேட்டுக்கொண்டிருக்கும், பிறகு ஒருநாள் வாயைத் திறக்கும். அதுவரை வீட்டில் அதன் சொந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மொழியில் ஏன், எதற்கு என்று கேட்டுப் பழகிய குழந்தைக்கு இன்னொரு மொழி தானாக வந்து சேரும். இவளுக்கு அந்தக் குறை இல்லை. சாயங்காலம் குழாயடியில் அம்மா துணி அலச, இவள் பக்கத்தில் குந்திக்கொண்டு மூச்சுவிடாமல் பேசுவாள். பகலெல்லாம் அடக்கி வைத்ததை அங்கே கொட்டுவாள். அம்மா ஊம் கொட்டுவாள், திருப்பி ஏதோ கேட்பாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் குடத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

எங்கள் வெல்ஃபேர் மேடம் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனசுக்காரர். கெட்டவராக இருந்திருந்தால் இத்தனை கோபம் எனக்கு மிஞ்சியிருக்காது. ஒருநாள் வந்தவர் வழக்கம்போல ஒவ்வொரு குழந்தையாகப் பேர் கேட்டார். இவள் பேசவில்லை. முகவாயைப் பிடித்து மறுபடி கேட்டார். கூட இருந்த ஆயா, "அது ஊமைங்க மேடம்" என்றாள்.

"ஊமையெல்லாம் இல்லைங்க மேடம். வீட்ல நல்லா பேசுது" என்றேன்.

"வீட்ல என்ன பாஷைங்க?"

"அவங்க பாஷைதாங்க."

"அதானுங்க பிரச்சனையே. ரெண்டு பாஷையப் போட்டுக் கொழப்புனா எதுவுமே வராதுங்க. ஊட்லயும் தமிழ்லயே பேசச் சொல்லுங்க. இல்லீன்னா நாளைக்கு ஸ்கூல்ல எப்படிச் சேத்துவாங்க?"

அப்படிக் குழம்பாது என்று சொன்னேன். படுகர் வீட்டுக் குழந்தை வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று பேசுகிறதே, கூடலூரில் மலையாளமும் தமிழும் ஒரே வாயில் வருகிறதே என்றேன். மேடம் சிரித்தார். "அவங்கெல்லாம் இங்கத்தவங்க. இவங்க கதை வேறைங்க." என்ன வேறு என்று கேட்டேன். அதற்குள் அவர் அடுத்த குழந்தையிடம் போய்விட்டார்.

குழந்தையின் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல இந்தி தெரிந்த ஆள் வேண்டும். அவள் கொழுந்து பறிக்கும் காட்டில் ஆட்களை மேய்க்கும் மேஸ்திரிக்குத் தெரியும், வடக்கே லாரி ஓட்டியவர். மேடம் சொன்னதை அவர் இன்னும் நீளமாக, இன்னும் உரக்கச் சொன்னார். அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையாட்டிக்கொண்டே இருந்தாள். மேடம் ஜீப் ஏறியதும் நான் மேஸ்திரியிடம், "அண்ணே, அதெல்லாம் வேணாம், உன் பேச்சுலயே பேசும்மான்னு நான் சொன்னதா சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேடம் ஒண்ணு சொல்ல, நீ ஒண்ணு சொல்லுவியா தாயி? நாளைக்கு எந்தலையிலதான் விடியும்."

என் பேச்சை மட்டும் அவர் இந்தியில் எடுத்துச் சொல்லவில்லை. குழாயடியில் நானே கையால், கண்ணால் சொல்லிப் பார்த்தேன். அவள் குழந்தையைக் காட்டி, "ஸ்கூல், ஸ்கூல்" என்றாள். பயந்து போயிருந்தாள். பிள்ளை படிக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரத்திலிருந்து இந்தக் குளிருக்குள் வந்திருக்கிறாள், அவளை நான் என்ன குறை சொல்ல?

தமிழில் பேசு என்று உத்தரவு போட்டவர்கள், அவளுக்கு எந்தத் தமிழ் தெரியும் என்று யோசித்தார்களா? அவள் தமிழ் தேயிலைக் காட்டில் கிடைத்தது, மேஸ்திரியின் வாயிலிருந்து வந்தது. சீக்கிரம். நிக்காதே. பேசாதே. கை ஓடட்டும். போ, போ. இதற்கு மேல் அவளிடம் தமிழில் யாரும் எதுவும் சொன்னதில்லை. பசிக்கிறதா, வலிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. இந்த நாலு அதட்டலை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையை வளர்க்கச் சொல்லிவிட்டோம்.

குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் மிச்சமாயிற்று. குழந்தை முதலில் விடாமல் தன் பேச்சிலேயே கேட்டாள். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பேசாதே" என்பாள். அதட்டவில்லை பாவம், அவளுக்குத் தெரிந்த தமிழில் பதில் சொன்னாள். கொஞ்ச நாளில் குழந்தை அங்கேயும் வாயை மூடிக்கொண்டாள். பிள்ளைக்காம்பராவில் மற்றக் குழந்தைகளைக் கடிக்க ஆரம்பித்தாள். பகலில் துணியை நனைக்கும் பழக்கம் நின்றுபோயிருந்தது, அதுவும் திரும்ப வந்தது. ஆயா அதற்கு அடம் என்று பேர் வைத்தாள். பேச வழியில்லாத குழந்தை பல்லால்தான் பேசும் என்று சொன்னேன். யார் காதில் ஏறும்?

மழைக்காலத்தில் ஒருநாள் அவள் பேசினாள். சின்னக் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இவள் அவர்களுக்குப் பின்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்று, "ஏய், பேசாதே. கை ஓடட்டும். சீக்கிரம்" என்றாள். அச்சு அசல் மேஸ்திரி குரல். ஆயா விழுந்து விழுந்து சிரித்தாள். மேஸ்திரியையே கூப்பிட்டு வந்து இன்னொரு தரம் சொல்ல வைத்தாள். அவருக்கும் ஒரே பெருமை. அந்த வயதுக் குழந்தை என்ன, என்ன என்று கேட்டு நம் உயிரை எடுக்க வேண்டும். இவளுக்குத் தண்ணீர் கேட்கக்கூட ஒரு சொல் கிடையாது. ஆளை விரட்ட மட்டும் தெரியும்.

அடுத்த முறை மேடம் வந்தபோது, குழந்தை தமிழ் பேசிவிட்டது என்று ஆயா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். மேடம் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? நாஞ் சொன்னனுங்களே" என்றார். என்ன பேசுகிறாள் என்று கேளுங்கள் மேடம் என்றேன். "மொதல்ல வாயத் தொறக்கட்டுங்க. மத்தது தானா வரும்" என்றார். அவர் கிளம்பும்போதுதான் அம்மாக்கள் எடை போட்டுவிட்டு வந்தார்கள். அம்மாவைப் பார்த்து ஓடிய குழந்தை, வாசல் சிமெண்டில் ஈரம் வழுக்கி விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வந்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அவளை மடியில் அள்ளிக்கொண்டாள். ஏதோ சொல்ல வாய் திறந்தது. மேடம் நிற்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. பிறகு, முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, தாலாட்டுகிற மாதிரி மெதுவாக, "போ... போ... நிக்காதே... சீக்கிரம்..." என்றாள். அத்தனை பிரியமாக அந்தச் சொற்களை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

குழந்தை அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். மடியிலிருந்து இறங்கினாள். ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுகையை நிறுத்தாமல், வெளி கேட்டைப் பார்த்துச் சீக்கிரம் சீக்கிரமாக நடந்தாள்.