கிலுகிலுப்பையைச் சுற்றியிருந்த முள்

நேற்று நான் போட்ட மஞ்சள் பூ படத்தை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். பாபநாசம் மலையடிவாரத்தில் பூத்திருந்த அபூர்வமான கிலுகிலுப்பை வகை அது. இந்தப் பக்கத்தை விட்டால் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இன்று காலை நண்பன் மைதீனை அதைக் காட்டக் கூட்டிப்போனேன்.

பூ இல்லை. செடியும் இல்லை. விரல் உயரத்துக்கு ஒரு குச்சி நின்றது, பக்கத்தில் ஆடுகள். காய் முற்றி விதை விழுந்திருந்தாலாவது அடுத்த மழைக்கு முளைத்திருக்கும்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்காவிடம், "ஆட்டைப் பாத்து மேய்க்கக் கூடாதா? இது எப்பேர்ப்பட்ட செடி தெரியுமா?" என்று சத்தம் போட்டேன்.

அவர் பதறிப்போனார். "கோவிச்சுக்கிடாதிய தம்பி. அங்கன உடைமுள்ளு அடைச்சுக் கெடக்கும்லா, ஆடு தலையை நீட்டாதுன்னுதான் விட்டேன். எந்த எடுபட்ட பயலோ முள்ளை வெட்டிப் போட்டிருக்கான்."

மைதீன் என்னைப் பார்த்தான். படத்தில் முள் விழுகிறது என்று நேற்று கிளைகளை வெட்டி ஒதுக்கியதை அவனிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

அது நான்தான் என்று அந்த அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. "இனிமே பாத்துக்கோங்க" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்பாசமுத்திரம் வந்ததும் மைதீன், "கடைசில அந்தப் பொம்பளைய மன்னிப்பு கேக்க வச்சிட்டியேலே" என்றான்.

'பூ மட்டும் இவ்வளவு தெளிவாக எப்படி விழுந்தது?' என்று நேற்று கேட்டிருந்தவர்களுக்கு: இப்படித்தான்.