கண்ணாடியை அளந்தவர்

2009 மார்ச் 14: பிளைவுட், இரண்டு பலகை, 61.80 டாலர்
ஏப்ரல் 4: பழைய கணினி, திரையோடு, 40.00
மே 30: ஜாய்ஸ்டிக், பொத்தான்கள், 87.25
செப்டம்பர் 12: கறுப்பு பெயின்ட், 22.40
அக்டோபர் 17: டியூப் லைட், அக்ரிலிக் கண்ணாடி, அலுமினிய ஆங்கிள், 31.15
அக்டோபர் 24: முகப்புப் படம் அச்சு, 19.00
நவம்பர் 7: முகப்புப் படம், மறுபடி, 38.00
டிசம்பர் 3: முகப்புப் படம், மறுபடியும், 0.00

இந்தப் பட்டியலை எழுதிவைத்த டெல்மர் கீலுக்கு அப்போது எழுபத்தொரு வயது. ஷெபாய்கன் நகரத் தண்ணீர் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் மீட்டர் பதிவேடும், தனக்கென்று ஒரு டைரியும் எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகு எழுதுவதற்கு ஊர்த் தண்ணீர் இல்லாமல் போகவே, வீட்டில் கிடைத்ததையெல்லாம் எழுத ஆரம்பித்தார். எந்த பல்பை எந்த நாளில் மாற்றினார், பனி எத்தனை அங்குலம் விழுந்தது, எதிர்வீட்டு நாய் எத்தனை மணிக்குக் குரைத்தது என்று எல்லாம் அவருடைய நோட்டில் இருந்தன. இதில் ஒன்றையாவது யாராவது கேட்டதாக நோட்டில் பதிவு இல்லை.

எழுபது வயதுக்கு மேல் ஒருவர் வீடியோ விளையாட்டுப் பெட்டி செய்ய இறங்கியதற்குக் காரணம் அவருடைய வாய்தான். 1983 குளிர்காலத்தில், தெருமுனையில் இருந்த பெவ்வின் மதுக்கூடத்தில் காசு போட்டு ஆடும் பெட்டி ஒன்று நின்றது. விண்கற்களைச் சுட்டுத் தள்ளும் ஆட்டம். டெல்மரின் நண்பர் எல்ராய் பிட்னர், ஊர்க் கடைகளுக்கெல்லாம் விளக்குப் பெயர்ப்பலகை செய்து கொடுத்தவர், ஒரு வெள்ளிக்கிழமை அதில் 84,250 புள்ளி எடுத்தார். எடுத்ததாகச் சொன்னார். இருபத்துநாலு வருடம் சொன்னார். பெட்டியைக் குப்பைக்கு அனுப்பிய பிறகும் சொன்னார்.

2007 அக்டோபரில் மதுக்கூடத்துக்கு நாற்பது வயது ஆனது. பெவ் சுவரில் கடையின் சாதனைகளை எழுதி மாட்டினாள். எல்ராயின் எண்ணும் அதில் இருந்தது. கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தபோது டெல்மர் சட்டைப்பையிலிருந்து 1983ஆம் வருடத்து டைரியை எடுத்தார்.

"எண்பத்துநாலு இல்ல. நாப்பத்தெட்டாயிரத்து இருநூத்தம்பது. அன்னிக்கே குறிச்சு வச்சிருக்கேன்" என்றார்.

எல்ராய் பீர் டம்ளரை மேசையில் வைத்தார், தொப்பியை எடுத்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு மதுக்கூடத்தின் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு அவர் வரவே இல்லை. நான்கு பேர் உட்கார்ந்து சீட்டாடும் மேசையில் ஒரு நாற்காலி காலி. இருவர் வீட்டுக்கும் நடுவில் ஆறு வீடுகள்தான். டெல்மர் ஒருமுறை அடி எண்ணி நடந்து பார்த்தார்: இருநூற்றுப் பன்னிரண்டு அடி. எண்ணி முடித்ததும் கதவைத் தட்டாமல் திரும்பி நடந்து வந்து, அதையும் எண்ணினார். இருநூற்றுப் பதினான்கு.

அவர் மனைவி ஆர்லிஸுக்குப் பொறுக்கவில்லை. "ஒன்றரை வருஷமா அந்த நாற்காலியப் பாத்து மூஞ்சத் தூக்கி வச்சிட்டு இருக்க. போய் மன்னிப்புக் கேளேன்."

"எதுக்கு? எழுதினது சரிதானே."

"சரியா எழுதினதுக்கு இல்ல. டைரியச் சட்டைப்பையில வச்சு கடைக்குக் கொண்டு போனியே, அதுக்கு."

டெல்மர் நோட்டில் ஒரு பெட்டியின் படம் போட ஆரம்பித்தார். மறுநாள் பிளைவுட் வாங்கக் கிளம்பினார். மன்னிப்புக் கேட்க இரண்டு வார்த்தை போதும். அவருக்கோ இரண்டு பலகையும் எட்டு மாதமும் தேவைப்பட்டன.

பெட்டி சுமாராகத்தான் வந்தது. பழைய கணினியை உள்ளே வைத்து, அந்தக் கால ஆட்டங்கள் ஓடும்படி செய்தார். இடது பக்கம் கொஞ்சம் சாய்வு; தரைதான் சாய்வு என்று நோட்டில் எழுதிக்கொண்டார். மிச்சமிருந்தது முகப்பு: திரைக்கு மேலே, நெற்றியில் திருநீற்றுப் பட்டை மாதிரி குறுக்கே, உள்ளே விளக்கு எரிய ஒளிரும் பெயர்ப்பலகை. அதில்தான் அவருடைய திட்டமே இருந்தது. மேலே படம், நடுவில் ஆட்டத்தின் பெயர், அடியில் ஒரே ஒரு வரி: "சாதனை: எல்ராய் பிட்னர், 84,250." தான் மறுத்த எண்ணைத் தன் கையாலேயே, ஊர் பார்க்க, விளக்குப் போட்டு எழுதிவிடுவது. எல்ராய் அதைப் படிப்பார், நாற்காலியில் வந்து உட்காருவார். பேச்சே தேவையில்லை.

படத்தைக் கட்டம் போட்ட தாளில் அவரே வரைந்தார். ஆர்லிஸ் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி மீட்டரா?"

"விண்கலம்."

"முள்ளு வேற இருக்கே?"

"அது துப்பாக்கி."

அச்சுக்கடைப் பெண் பின்னால் விளக்கு வருமா என்று கேட்டாள். வரும் என்றார். அப்படியானால் ஒளி ஊடுருவும் தாளில் மை இரட்டிப்பாகப் போட வேண்டும், விலையும் இரட்டிப்பு என்றாள். வியாபார தந்திரம் என்று நினைத்து மலிவானதையே வாங்கி வந்தார். விளக்கைப் போட்டதும் விண்கலம் பால் அதிகமான டீயாக வெளுத்துப் போனது. நடுவில் டியூப் லைட் மட்டும் எலும்பு போலத் தெரிந்தது. இரண்டாம் முறை போனபோது அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் தேவலை என்று டெல்மருக்கு இருந்தது.

இந்த முறை தப்பு வரக்கூடாது என்று அளவை மூன்று தரம் எடுத்தார். அக்ரிலிக் கண்ணாடியின் அகலம் இருபத்துநாலரை அங்குலம், உயரம் ஒன்பது. படத்தை அதே இருபத்துநாலரைக்கு ஒன்பதாக, ஓர் ஓரம்கூட வீணாகாமல் நிரப்பினார். நன்றி தெரிவிப்புத் திருநாளுக்கு அடுத்த நாள், நவம்பர் 27, வெள்ளிக்கிழமை, பெட்டியை வண்டியில் ஏற்றி மதுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடிக்கும் படத்துக்கும் மேலேயும் கீழேயும் சட்டமாக அலுமினிய ஆங்கிளை வைத்துத் திருகும் வேலையை மட்டும் அங்கே வைத்துக்கொண்டார். மேலே ஒரு துணியைப் போட்டு மூடினார்.

வாசல் பலகை எரியவில்லை என்று பொய் சொல்லி பெவ் எல்ராயை வரவழைத்தாள். எல்ராய் கருவிப்பெட்டியோடு வந்தார். டெல்மரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

"வாசல் பலகை நல்லாத்தானே எரியுது?"

"இப்பதான் சரியாச்சு. உள்ள வா, குளிர் வருது" என்றாள் பெவ்.

டெல்மர் துணியை இழுத்து, சுவிட்சைப் போட்டார். விண்கலம் செக்கச்செவேலென்று எரிந்தது. கடையில் இருந்தவர்கள் ஓவென்றார்கள்.

"கீழ இருக்கற வரியப் படி" என்றார் டெல்மர், சுவரைப் பார்த்தபடி.

கடையே தலையைச் சாய்த்துத் தேடியது.

"எந்த வரிய?" என்றார் எல்ராய்.

டெல்மர் திரும்பிப் பார்த்தார். கீழ்வரி இல்லை. அந்த இடத்தில் முக்கால் அங்குல அகலத்துக்கு அலுமினிய ஆங்கிள் பளபளத்துக்கொண்டிருந்தது. மேலேயும் அதே முக்கால் அங்குலம் விண்கலத்தின் தலையைச் சீவியிருந்தது.

எல்ராய் கிட்டே வந்தார். நாற்பது வருடம் பெயர்ப்பலகை மாட்டிய விரல், சட்டத்தின் விளிம்பை ஒருமுறை தடவியது.

"டேய் டெல்மர். நீ கண்ணாடிய அளந்தியா, சட்டத்துக்கு நடுவுல தெரியற வாசல அளந்தியா?"

"கண்ணாடிய."

"எத்தன தரம்?"

"மூணு."

"ஊர்த் தண்ணிய முப்பத்தெட்டு வருஷம் இவன்தான்டா அளந்தான்" என்று எல்ராய் கடையைப் பார்த்துச் சொன்னார். "எல்லாரும் பழைய பில்ல எடுத்து ஒரு தரம் பாத்துக்கங்க."

கடையே சிரித்து உருண்டது. எல்ராய் மட்டும் சிரிக்காமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் திரும்பினார். எட்டு மாத உழைப்பு அப்படியே வெளியே நடந்து போகப்போகிறது என்பது டெல்மருக்குத் தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துக் கீழ்ச்சட்டத்தின் திருகுகளைக் கழற்றினார். நான்காவது திருகு விழுந்ததும் கீழ்வரி வெளியே வந்தது. கூடவே கண்ணாடியும் வந்தது; தாங்கிக்கொண்டிருந்ததே அந்தச் சட்டம்தான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

"பிடிடா!" என்று கத்தினார்.

எல்ராய் கருவிப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு கையாலும் கண்ணாடியைத் தாங்கினார். வரி அவர் மூக்குக்கு ஆறு அங்குலத்தில் எரிந்துகொண்டிருந்தது. கையை எடுத்தால் விழும். போகவும் முடியாது, படிக்காமல் இருக்கவும் முடியாது. படித்தார்.

"எண்பத்துநாலு" என்றார் மெதுவாக. "டைரில நாப்பத்தெட்டுன்னு இருக்குமே."

"இருக்கும். கண்ணாடிக்கும் வாசலுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எழுதின டைரி அது. அன்னிக்கு எட்டையும் நாலையும் மாத்திப் போட்டிருக்கலாம்." டெல்மர் குனிந்து ஒரு திருகைப் பொறுக்கினார். "எனக்கு நிச்சயமாத் தெரியாது, எல்ராய்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இப்படிச் சொல்லி ஆர்லிஸ் கேட்டதில்லை. பக்கத்து மேசையில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

எல்ராய் அந்த எண்ணை உதட்டுக்குள் இன்னொரு தரம் படித்தார். "கை வலிக்குது" என்றார் கடைசியில். "சட்டத்த மாட்டித் தொல. திங்கக்கிழமை படத்த எடுத்துட்டு என் ஷெட்டுக்கு வா. சுத்தி ஒரு அங்குலம் விட்டுப் போடணும். நல்ல தாள் ஒரு சுருள் மிச்சம் இருக்கு." பிறகு, "இது என்ன, தண்ணி மீட்டரா?"

"ஆமா" என்றார் டெல்மர்.

அன்று இரவு நோட்டில் எழுதினார்: "உயரம் ஒன்பது அங்குலம். தெரியும் உயரம் ஏழரை. அளந்தவன் நான். முட்டாளும் அதே ஆள்."

புதுப் படம் டிசம்பர் 3 அன்று ஏறியது. எல்லா வரியும் தெரிந்தது. டிசம்பரின் நான்கு வெள்ளிக்கிழமைகளிலும் எல்ராய் தன் நாற்காலியில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டார், சீட்டில் ஏமாற்றினார், புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் முகப்பைக் காட்டினார். டெல்மர் டைரியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். சட்டைப்பை காலியாக இருப்பது என்னவோ பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது. கை அடிக்கடி அங்கே போனது.

ஜனவரி பிறந்ததும், வழக்கம்போல, எல்ராய் குளிருக்குத் தப்பி அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. முதல் இரண்டும் கோல்ஃப் பற்றியவை. மூன்றாவதில் ஐந்தே வரிகள்.

"டெல்மர், நீ எழுதினதுதான் சரி. நாப்பத்தெட்டு. நீ எழுதும்போது நான் பக்கத்துலதான் நின்னேன், பாத்தேன். பலகைய மாத்தணும்னா மாத்து. தாள் ஷெட்டுல இருக்கு, சாவி பெவ்கிட்ட. ஏப்ரல்ல வரேன், நாற்காலிய யாருக்கும் குடுத்துடாத."

டெல்மர் அதை இரண்டு தரம் படித்தார். மூன்றாம் தரம் படிக்கவில்லை.

"என்ன எழுதியிருக்கான்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் ஆர்லிஸ்.

"அங்க நல்ல வெயிலாம்."

நோட்டைத் திறந்தார். கடிதத்தில் இருந்ததை எழுத நான்கு சொற்கள் போதும். பேனா மூடியைக் கழற்றினார். பிறகு கடிதம் வந்த தேதியை மட்டும் எழுதி மூடினார்: 2010 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை.