எழும்பாத இரண்டு கட்டைகள்

கோரிப்பாளையம் பஸ் நிறுத்தத்திலிருந்து தர்காவுக்குப் போகிற வழியில் இடதுபக்கம் ஒரு சந்து. அதன் கடைசியில் ஒரு சங்கத்தின் மண்டபம். கருத்தக்கண்ணன் அங்கே பியூன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபத்தெட்டு வயதில் வேலைக்கு வந்தவன். இது நடந்த 1979-ல் அவனுக்கு நாற்பத்திரண்டு. காக்கிச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பேயாண்டிக்கு, தம்பி டவுனில் ஆபீஸ் வேலை பார்க்கிறான் என்று சொல்லிக்கொள்வதில் தனிப் பெருமை.

மண்டபத்தைக் கூட்டித் துடைக்க தங்கப்பொண்ணு வந்துகொண்டிருந்தாள். வில்லாபுரத்திலிருந்து ஆற்றைத் தாண்டி நடந்தே வருவாள். புருஷன் சுடலை கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறவன். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் கருத்தக்கண்ணனை "அண்ணே" என்று கூப்பிட்டாள். கிராமத்தில் அவளுடைய ஆட்கள் அவனுடைய ஆட்களை அப்படிக் கூப்பிடுவதில்லை. அவனுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. டவுனில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? நாளாக ஆகப் பழகிவிட்டது. ஐந்து வருஷத்தில் அவள் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

மண்டப மேடையில் ஒரு பியானோ இருந்தது. நூல் மில்லில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. வாசிக்கத் தெரிந்தவர் யாரும் சங்கத்தில் இல்லை. ஆண்டு விழாவுக்கு அதன் தலையில் பரிசுக் கேடயங்களை அடுக்கி வைப்பார்கள், அவ்வளவுதான். மேடைக்கு மேலே கூரை ஒழுகும். அதனால் பியானோவை எப்போதும் படுதா போட்டு மூடி வைக்க வேண்டும் என்பது செயலாளரின் உத்தரவு. அவர் ஓய்வுபெற்ற தாசில்தார். எதையும் இரண்டாவது தடவை சொல்லமாட்டார்.

அந்த வருஷம் வைகாசியில் ஊரில் கடலை பிடுங்கிக் களத்தில் குவித்திருந்தார்கள். மேற்கே வானம் கறுத்தது. பேயாண்டி பஸ் ஏறி மண்டபத்துக்கே வந்துவிட்டான்.

"ஒரு படுதா குடுடா, ரெண்டு நாளைக்கு. கடல நனைஞ்சா அம்புட்டும் முளைச்சுப் போகும்."

மண்டபத்தில் இருந்தது அந்த ஒரு படுதாதான். கருத்தக்கண்ணன் உருவிச் சுருட்டிக் கொடுத்து அனுப்பினான். மறுநாள் சாயங்காலம் ஊரில் பெய்த மழை மதுரையிலும் பெய்தது. காலையில் கதவைத் திறந்து பார்த்தால் பியானோவின் தலைமேல் குளம் போலத் தண்ணீர். மூடியைத் தூக்கினால் உள்ளேயும் தண்ணீர். வேட்டியால் துடைத்தான். ஜன்னலோரம் தள்ளி நாலு நாள் வெயில் காட்டினான். பிறகு ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தான். நடுவுக்குச் சற்று வலதுபுறம் பக்கத்துப் பக்கத்திலிருந்த இரண்டு வெள்ளைக் கட்டைகள் கீழே போனால் போனதுதான், எழும்பவில்லை. நகத்தைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். ஊரிலிருந்து திரும்பி வந்த படுதாவைப் பழையபடி போட்டு மூடினான். யார் வாசிக்கப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஆவணி பிறந்ததும் செயலாளர் ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். ஹங்கேரி நாட்டிலிருந்து மூன்று பேர் கொண்ட இசைக்குழு ஒன்று மெட்ராஸிலிருந்து திருவனந்தபுரம் போகிறது. வழியில் மதுரையில் ஒரு மணி நேரம் வாசிக்கிறார்களாம். சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் கச்சேரி மதியம் பன்னிரண்டரைக்கு. அவர்கள் ஊர்ப் பழைய சாஸ்திரிய பியானோ சங்கீதமும் ஜாஸ் என்கிற புதுச் சங்கீதமும் கலந்திருக்கும். 'அனுமதி இலவசம். அனைவரும் வருக' என்று நோட்டீஸ் அடித்து பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒட்டினார்கள்.

கச்சேரிக்குப் பத்து நாள் இருந்தது. தினமும் காலையில் சொல்லிவிடுவது என்றுதான் கருத்தக்கண்ணன் சைக்கிளை மிதித்து வருவான். செயலாளரின் செருப்புச் சத்தம் கேட்டதும் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல்களைத் திறக்கப் போய்விடுவான். பத்து நாளும் அப்படியே போய்விட்டது.

சனிக்கிழமை பதினொன்றரைக்குக் குழு வந்து இறங்கியது. குட்டையாக வெட்டிய நரைமுடியோடு ஐம்பது வயது அம்மாள் ஒருவர், அவர்தான் பியானோ. ஆளைவிடப் பெரிய பிடிலை அணைத்துத் தூக்கிக்கொண்டு ஒரு நெட்டையர். டிரம் வாசிக்கிற ஒருவர். மொழிபெயர்க்க ஒரு கல்லூரிப் பேராசிரியர் கூட வந்தார். அதற்குள் முன்வரிசையில் ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸுகள், டிபன் டப்பாவோடு பேங்க் குமாஸ்தாக்கள், மின்விசிறிக் காற்றுக்காக நுழைந்தவர்கள்.

அந்த அம்மாள் உட்கார்ந்து இடமிருந்து வலமாக எல்லாக் கட்டைகளையும் தட்டிக்கொண்டே போனார். இரண்டு கட்டைகள் படுத்துக்கொண்டன. தூக்கிவிட்டுத் தட்டினார். மறுபடியும் படுத்தன. எழுந்து மேல்மூடியைத் திறந்து, கம்பிகளில் படிந்திருந்த துருவைப் பேராசிரியரிடம் காட்டி ஏதோ சொன்னார்.

"உள்ளே தண்ணி போயிருக்குன்னு சொல்றாங்க சார்" என்றார் பேராசிரியர்.

செயலாளரின் முகம் சிவந்தது. "கருத்தக்கண்ணா! இதுக்குள்ள எப்படிடா தண்ணி போச்சு?"

தங்கப்பொண்ணு மேடைப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி. கருத்தக்கண்ணனின் கண் அந்த வாளியில் போய் விழுந்தது. யோசித்துச் சொன்னதல்ல, ஆனால் சொன்னது அவன் வாய்தான்.

"தங்கப்பொண்ணு வாளியத் தூக்கி இதுமேல வச்சுக்கிட்டுத் தொடைப்பாய்யா. நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். செயலாளரைப் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்தாள்.

"நானாண்ணே?"

அவன் சாவிக்கொத்தைக் குனிந்து பார்த்தான். செயலாளர் மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினார். வெளிநாட்டுக்காரர் முன்னால் மானம் போயிற்று, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்றார். அவள் "நான் வைக்கலைங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு கையிலிருந்த துணியை முறுக்கிப் பிழிந்து, உதறி, வாளியின் விளிம்பில் மடித்துப் போட்டுவிட்டுப் பக்கக் கதவு வழியாக வெளியே போனாள். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் துணியை அவள் அவ்வளவு நிதானமாகப் பிழிந்ததைக் கருத்தக்கண்ணனால் பிறகு எந்தக் காலத்திலும் மறக்க முடியவில்லை.

அந்த அம்மாள் இதையெல்லாம் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேராசிரியரிடம் பேசினார். வாசிக்கலாம், ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, கட்டைகள் படுக்கும்போதெல்லாம் தூக்கிவிட வேண்டும்.

"நீயே உக்காரு. இத்தன வருஷமா நீதான பாத்துக்கிட்டு வர்ற" என்றார் செயலாளர்.

இப்படித்தான் கருத்தக்கண்ணன் காக்கிச் சட்டையோடு முந்நூறு பேர் முன்னால் மேடையில் உட்கார்ந்தான். தொடங்கும் நேரத்தில் தர்காவிலிருந்து பாங்கு ஒலித்தது. அம்மாள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அது முடியும்வரை காத்திருந்தார். பிறகு வாசித்தார்.

முதலில் மெதுவாக, படியிறங்குவது போல ஒவ்வொரு சுரமாக வந்தது. கட்டை படுத்ததும் அவர் லேசாகத் தலையசைப்பார். இவன் நகத்தைக் கொடுத்துத் தூக்குவான். இரண்டு மூன்று முறை அவர் விரலில் இவன் விரல் இடித்தது. அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தலையசைக்காமலே இவனுக்கு நேரம் பிடிபட்டுவிட்டது. அப்போது டிரம்காரர் கம்பித் துடைப்பம் போன்ற ஒன்றால் தோலைத் தடவ ஆரம்பித்தார். நெட்டையர் பெரிய பிடிலை விரலால் சுண்டினார். சாமி ஊர்வலத்தில் நிதானமாக வந்த நாயனம் தெருமுனை திரும்பியதும் நையாண்டிக்கு மாறுவதுபோல, அதே பாட்டு இடுப்பை ஒடித்து ஆடத் தொடங்கியது. நர்ஸுகள் சிரித்தார்கள். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த குமாஸ்தா ஒருவர் டப்பா மூடியில் தாளம் போட்டார்.

கருத்தக்கண்ணனுக்கு அதில் ஒன்று தெரிந்தது. வேகமான இடங்களில், இவன் தூக்குவதற்கு முன்னால் அம்மாளின் விரல் செத்த கட்டைக்கு வந்துவிட்டால், அங்கே விட்டுப்போன சுரத்தை நெட்டையர் தம்முடைய கம்பியில் சுண்டிக் கொடுத்தார். ஒரு தடவைகூட அவர் தவறவிடவில்லை. கேட்டவர்களுக்குக் குறையே தெரியவில்லை. இவனுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் முகம் எரிந்தது. மேடையிலிருந்து இறங்கி ஓட முடியாது. எழுந்தால் பாட்டு நின்றுபோகும்.

கச்சேரி முடிந்து கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அம்மாள் இவன் கையைப் பிடித்துத் தூக்கிச் சபைக்குக் காட்டினார். கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. செயலாளர் மைக்கைப் பிடித்து, "நம்ம கருத்தக்கண்ணன் இல்லேன்னா இன்னைக்கு இந்தக் கச்சேரியே இல்ல" என்று சொல்லி, விருந்தாளிகளுக்கு வாங்கி வைத்திருந்த துண்டுகளில் மிஞ்சிய ஒன்றை அவன் தோளில் போட்டார். அவன் கும்பிட்டான். கும்பிடாமல் வேறென்ன செய்ய?

எல்லாரும் போனபின் மேடைக்குப் பின்னாலிருந்த அறையைப் பூட்டப் போனான். ஆணியில் தங்கப்பொண்ணுவின் தூக்குவாளி தொங்கிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாடு. எடுக்காமலே போயிருக்கிறாள்.

மறுநாள் ஞாயிறு. கெட்டுப்போன சோற்றைக் கொட்டி, தூக்குவாளியைத் தானே தேய்த்துக் கழுவி, சைக்கிளில் மாட்டிக்கொண்டு வில்லாபுரம் போனான். சுடலை வாசலில் கல்லில் உட்கார்ந்திருந்தான். தங்கப்பொண்ணு வெளியே வந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"படுதாவ நாந்தான் ஊருக்குக் குடுத்தனுப்புனேன். மழத் தண்ணிதான் எறங்குச்சு. ஓம்பேர்ல ஒரு தப்பும் இல்ல" என்றான் கருத்தக்கண்ணன்.

சுடலை விருட்டென்று எழுந்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"எம்மேல சொன்னது அங்க, அத்தன பேரு முன்னாடி. இல்லண்டு சொல்றது மட்டும் எங்க வாசல்ல வந்து ரகசியமாவா?"

அண்ணே என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த மாதக் கடைசியில் சங்கக் கூட்டம். உறுப்பினர்கள் இருபது பேர் இருந்தார்கள். காபி கொடுத்து முடித்ததும் கருத்தக்கண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொன்னான். பாதியில் நாக்கு குழறியது. ஆனாலும் முடித்தான்.

"அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சு போச்சே. இப்ப எதுக்கு இதக் கெளப்புற?" என்றார் செயலாளர். அவருக்குப் பியானோவைவிட, தாம் ஒரு தப்பும் செய்யாத பெண்ணைச் சபையில் வைத்து வாய்க்கு வந்தபடி பேசியது இப்போது வெளிச்சத்துக்கு வந்ததுதான் சங்கடம். அன்று மொழிபெயர்த்த பேராசிரியரும் உறுப்பினர். அவர் விடவில்லை. தங்கப்பொண்ணு மேல் தப்பில்லை என்று சங்கத்தின் பேரில் அவளுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று நின்றார். கடைசியில் கடிதம் தட்டச்சாகி முத்திரை விழுந்தது. கருத்தக்கண்ணனை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியதும் அவன்தான்.

அவன் போனபோது தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தெருவே குடத்தோடு நின்றது. தங்கப்பொண்ணு கடிதத்தை வாங்கி, புரட்டிப் பார்த்து, திருப்பி நீட்டினாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்களே வாசிங்க. சத்தமா."

அவன் எட்டாவது வரை படித்தவன். வாசித்தான். தண்ணீர் பிடித்தவர்கள் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்கள். 'கருத்தக்கண்ணன் என்பவர் கூறிய பொய்யின் காரணமாக' என்ற இடம் வந்தபோது குரல் தானாக உள்ளே போய்விட்டது.

"அந்த எடம் கேக்கல" என்றாள் அவள். "இன்னொரு தடவ."

மறுபடி வாசித்தான். இம்முறை தெருக்கோடி வரை கேட்டது. அவள் கடிதத்தை வாங்கி நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டாள். மண்டபத்துக்குத் திரும்பி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். அவனியாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது மண்டபத்தைக் கூட்ட ஆள் கிடைத்திருக்கவில்லை. அடுத்த ஏழு மாதம் கருத்தக்கண்ணனே கூட்டினான், துடைத்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஊரிலிருந்து வந்த அண்ணன் அவனைத் துடைப்பமும் கையுமாகப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனான். தை மாதத் தெப்பத்துக்கு ஒருமுறை வண்டியூர் போனபோது, தெப்பக்குளக் கரையில் தங்கப்பொண்ணுவும் சுடலையும் கூட்டத்தில் வருவதைப் பார்த்துவிட்டு, கரும்பு வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். அவள் பார்த்தாளா இல்லையா என்று தெரியாது.

அவனை அதிகம் வாட்டியது வேறொன்று. அந்த மேடைச் சேதி எப்படியோ ஊருக்குள் போய், வளர்ந்து, அவன் வெள்ளைக்கார அம்மாவோடு சேர்ந்து பியானோ வாசித்தான் என்று ஆகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர், "மாப்ள, அந்தக் கச்சேரியச் சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார்கள். அவன் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்வான். படுதா, மழை, வாளி, பொய், தெருக்குழாயில் வாசித்த கடிதம்.

1986-ல் அண்ணன் மகள் கல்யாணப் பந்தியில் அப்படிச் சொல்லி முடித்ததும், ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்த பெரியவர் ஒருவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சிரித்தார். "கூட்டுறவளத் திட்டுனதுக்கா இம்புட்டு வருத்தம்? நம்ம ஆளுக யாராச்சும் இத ஒரு விசயமா நினைப்பாகளா?"

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அன்று அந்த மேடையில் உட்கார்ந்திருந்தபோதுகூட இவ்வளவு கூசியதில்லை என்று அவனுக்குத் தோன்றியது. பந்தியிலிருந்து பாதியில் எழுந்து கை கழுவப் போனான். மனைவி ஒச்சாயி செம்பில் தண்ணீர் ஊற்றினாள்.

"ஊரெல்லாம் இதச் சொல்லிக்கிட்டுத் திரியணுமா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்னா?"

"அவுகதான நான் பியானோ வாசிச்சேன்னு ஊரெல்லாம் தப்பாச் சொல்றாக" என்றான் கருத்தக்கண்ணன். "ஊத்து."