முப்பதாவது ஊர்

மேப்பிள் பாகுப் புட்டியை மேசையின் வலது ஓரத்தில் வைத்து, "இது நியூயார்க்கு. தொட்டா ஒட்டிக்கும், பாத்து" என்றார் ஐலி கங்காஸ். சர்க்கரைக் கிண்ணம் இடது ஓரத்துக்குப் போயிற்று: லாஸ் ஏஞ்சலஸ். நடுவில் உப்பு டப்பா, சிகாகோ. தெற்கே எண்ணெய்ப் புட்டி ஹூஸ்டன், மிளகாய்ச் சாறு நியூ ஆர்லியன்ஸ். வடக்கே, தன் கைக்கு எட்டுகிற இடத்தில், காப்பிக் கெண்டி. அது டுலூத், அவர் பிறந்த ஊர். மற்ற ஊர்கள் நாளுக்கு நாள் இடம் மாறும். காப்பிக் கெண்டி மாறாது.

டுலூத்தில் இரும்புக் கனிமம் ஏற்றி, மூன்று ஏரிகளைக் கடந்து, கேரி நகரத்து உருக்காலையில் கொட்டிவிட்டுத் திரும்பும் ஒரு கப்பலின் சாப்பாட்டு மேசை அது. கப்பலில் ஆட்கள் இருபத்திரண்டு பேர். அவர்களுக்கு ஐலி இருபத்தாறு வருஷமாகச் சமைக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய நரைமுடி, மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை; அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சாப்பிடுவார். பத்தடி உயரத்துக்கு அலை எழுந்தாலும், "காத்து கொஞ்சம் பேசுது" என்பார். அந்த மாதிரி நாட்களில் நியூயார்க் வழுக்கிக்கொண்டு டெக்சஸ் வரைக்கும் போகும்.

எந்த ஊர் பெரிய ஊர் என்ற சண்டை அந்த மேசையில் ஓய்ந்ததே இல்லை. அதற்கு ஐலி வைத்த சட்டம் ஒன்றுதான். ஒரு நாளாவது வேலை செய்த ஊரைப் பற்றித்தான் ஒருவர் பேசலாம். "சுத்திப் பாத்தவன் பேச்சு கணக்குல வராது. அந்த ஊருல முதுகு வலிச்சிருக்கணும்."

இன்ஜினியர் வோய்டாஸ் மில்வாக்கிக்காரர், சுருக்கமாகப் பேசுபவர். "பணம்னா நியூயார்க்கு, சினிமான்னா லாஸ் ஏஞ்சலஸ். நடுவுல இருக்கிறதெல்லாம் பெட்ரோல் பங்க்கு."

சுக்கான் பிடிக்கும் டெஸ்மண்ட் டாலிவருக்கு இது ஆகாது. அவர் கிளீவ்லாந்துக்காரர். "பாட்டை வித்தது நியூயார்க்கு, சரி. பாடினது யாரு? மெம்பிஸ், டெட்ராய்ட், நியூ ஆர்லியன்ஸ். நீ கல்யாணத்துல ஆடினியே, அது மில்வாக்கிப் பாட்டாய்யா?"

"ஆடினதை நீ பாக்கலையே" என்பார் வோய்டாஸ்.

"பாத்தவங்க இன்னும் பேசிட்டிருக்காங்க."

ஐலி தோசைக் கரண்டி மாதிரியான தன் தட்டைக் கரண்டியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். "அந்த நியூயார்க்குக் கட்டடத்தையெல்லாம் தாங்கி நிக்குறது எது? எங்க வடக்குச் சீமை இரும்புக் கல்லு. ஒரு காலத்துல சரக்கு ஏத்துறதுல நாங்க நியூயார்க்கோட தோளுக்குத் தோள் நின்னோம். எங்களுக்குச் சொல்லிக்கத் தெரியல, அவ்வளவுதான்." மின்னியாபொலிஸ் பற்றி யாராவது கேட்டால் ஒரு பல்குச்சியை எடுத்து வைப்பார். பக்கத்து ஊர்க்காரர்கள் மேல் அவருக்கு அவ்வளவு மதிப்பு.

போன ஆகஸ்டில் கம்பெனியின் விருந்தாளியாக ஒருவர் டுலூத்தில் கப்பல் ஏறினார். பெயர் விட்லாக், நியூயார்க்குக்காரர், பள்ளிப் புத்தகம் போடுகிறவர். அமெரிக்காவின் முக்கியமான முப்பது நகரங்கள் என்று குழந்தைகளுக்கு ஒரு படப்புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தார். ஊருக்கு ஒரு பக்கம். இவ்வளவு நாள் வாயால் அடித்துக்கொண்டதை அச்சில் ஏற்றப்போகிற ஆள், எதிரே உட்கார்ந்து ஐலியின் ஏலக்காய் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"டுலூத்து இருக்கா அதுல?" என்று ஐலி கேட்டார்.

விட்லாக் ரொட்டியை விழுங்கிவிட்டு, "இல்லைங்க" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் ஐலி அவரை விடவில்லை. செங்குத்தான மலைச்சரிவில் அடுக்கடுக்காக நிற்கும் வீடுகளைச் சொன்னார். கப்பல் வரும்போது மேலே தூக்கிக்கொள்ளும் பாலத்தையும், பாலமும் கப்பலும் சங்கு ஊதி ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்வதையும் சொன்னார். "எங்க ஊருக் குழந்தைங்க கப்பல் பேரைச் சங்குச் சத்தத்துலயே சொல்லிடும். உங்க ஊருல கார் ஹாரனை வெச்சு யாரு என்னத்தைச் சொல்றாங்க?" விட்லாக் சிரித்தார், குறிப்பெடுத்தார். டெஸ்மண்ட் வாசலில் நின்று, "விடாதீங்க அக்கா" என்று உதட்டசைவிலேயே சொல்லிவிட்டுப் போவார்.

மூன்றாம் நாள் காலை விட்லாக் ஒரு தாளோடு சமையலறைக்கே வந்தார். "உங்களுக்கு நல்ல செய்தி. டுலூத்தைச் சேத்துட்டேன். இருபத்தொன்பது ஊர் முடிவாகி அச்சுக்கே போயாச்சு. முப்பதாவது மட்டும் இழுபறியா இருந்துச்சு. அதுல இருந்த கேரியை நீக்கிட்டேன்."

ஐலி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. "ஏன் கேரி?"

"இப்ப அங்க யாருங்க இருக்கா? பாதி வீடு காலி. போன தலைமுறையோட முடிஞ்சுபோன ஊரு."

"நீங்க அங்க வேலை செஞ்சிருக்கீங்களா?"

"இல்லை."

"நான் செஞ்சிருக்கேன்."

ஒரு வருஷம் கப்பல் பழுதுக்கு நின்றபோது, கேரி ஆலை வாசலில் இருந்த உணவகத்தில் ஐலி ஏழு மாதம் சமைத்தார். ஜனவரியில் பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. தங்கியிருந்த விடுதியில் அடுத்த அறையில் ஒடெஸ்ஸா புரூயிட் என்று ஒரு பெண் இருந்தார். ஆலையில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். இரவு முழுக்க உருகிய இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி நகர்த்திவிட்டு வருகிற அவர், படுக்கப் போகுமுன் ஐலியின் கதவைத் தட்டி, கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவார். ஆறு வாரம். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

இதையெல்லாம் ஐலி விட்லாக்கிடம் சொல்லவில்லை. "எங்க ஊரு கல்லைத்தான் குடுக்குது" என்றார். "அதை இரும்பாக்குறது அவங்க. அவங்க பேரை அழிச்சிட்டு எங்க பேரை எழுதினீங்கன்னா, புத்தகம் படிக்கிற பிள்ளைங்களுக்கு நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"ரெண்டுக்கும் இடம் இல்லையே, ஐலி."

"அப்ப எங்களை எடுத்துடுங்க."

விட்லாக் கையிலிருந்த தாளை மடித்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"உருளைக்கிழங்கு நேரமாகுது" என்றார் ஐலி.

டெஸ்மண்டுக்கு விஷயம் தெரிந்தபோது கப்பல் கேரித் துறையில் நின்றிருந்தது. "கையில வந்ததை இப்படித் தூக்கிக் குடுத்துட்டீங்களே அக்கா. எங்க ஊரா இருந்தா நான் விட்டிருப்பேனா?"

"நீ விட்டிருக்க மாட்ட. அதான் உன்னைக் கேக்கல" என்றார் ஐலி.

குளிர்காலத்தில் ஏரி உறைந்து கப்பல் ஓய்வெடுக்க, ஐலி ஊருக்குப் போனார். அவருக்கு முன்பே கதை போய்ச் சேர்ந்திருந்தது. தேவாலயத்துக் காப்பி மேசையில் அவர் தம்பி ரெய்னோவே ஆரம்பித்துவைத்தார்: "வழி விடுங்க, நம்ம ஊரைப் புத்தகத்துல இருந்து அழிச்ச அம்மா வர்றாங்க." எல்லோரும் சிரித்தார்கள். ஐலியும் சிரித்தார். ஆனால் அன்று வீட்டுக்கு மலையேறும்போது, வழக்கமாக நின்று துறைமுகத்தைப் பார்க்கிற திருப்பத்தில் அவர் நிற்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் வாயில் அவர் பெயர் அதுதான். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இந்த ஏப்ரலில், மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரிக்குக் கப்பலை இறக்கும் சூ மதகில், நீர் இறங்கக் காத்திருந்தபோது, தபால் படகில் ஒரு பொட்டலம் வந்தது. மேலே ஐலியின் பெயர். காலைச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். டெஸ்மண்ட்தான் பிரித்தார். பொருளடக்கத்தில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். டுலூத் இல்லை. "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டான் மனுசன்" என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினார். கேரி இருந்தது. உருக்காலையின் படம், வேலைக்குப் போகும் ஆட்களின் படம், கீழே நாலு பத்தி. மூன்றாவது பத்தியை அவர் ஒரு முறை மனசுக்குள் படித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்.

"கேரியின் இரும்புக்கான கனிமம், வடக்கே டுலூத் என்ற துறைமுக நகரத்திலிருந்து கப்பலில் வருகிறது. தங்களைப் பற்றி எழுத இருந்த பக்கத்தைக் கேரிக்குக் கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்."

வோய்டாஸ் தொப்பியைக் கழற்றினார். "ரெண்டு வரிதானே" என்றார் டெஸ்மண்ட், முன்பிருந்த வேகம் குரலில் இல்லாமல்.

ஐலி ஈரக் கையை மேலங்கியில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டார். புத்தகத்தை வாங்கி மேசைமேல் விரித்து, அந்த வரிகளுக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்தார். ஒவ்வொருவராக வந்து குனிந்து படித்துவிட்டு நகர்ந்தார்கள். அடுப்பில் பன்றி இறைச்சி கருகத் தொடங்கி அறை புகைந்தது. "அக்கா, அடுப்பு" என்றார் யாரோ. இன்னும் நான்கு பேர் படிக்க வேண்டியிருந்தது. ஐலி விரலை எடுக்கவில்லை.